அரை மருந்து

தில்லைநாதனின் வெள்ளவத்தை பிளாட்டில் அவர் மனைவி ஜெகதீஸ்வரி தேநீர் கொண்டு வந்ததும் பலீல் பழையபடி வவுனியாக் காட்டில் வேட்டையாடிய நாட்களுக்குள் போய்விட்டார். அங்கே அவரும் தில்லைநாதனும் ஒரே கந்தோரில் வேலை பார்த்த காலம் அது.

"தங்கச்சி, ஒங்கட மனுசன்ட இடியன் துவக்குக்கு ஒரு முயலாவது செத்திருக்கா? எல்லாம் விழுந்து துடிச்சிட்டுக் கிடக்கும். நான்தான் கத்தியோட ஓடணும்!"

"எனக்குத் துவக்குக்கு வெடிமருந்து இடிக்கத் தெரியாதெண்டு சொல்லன்," என்று தில்லைநாதன் சிரித்தார்.

"அதானே! முயலுக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு ஈயச் சன்னம் எண்டு எத்தனை தரம் சொல்லித் தந்தேன்!"

தில்லைநாதன் மறுக்காமல் பிஸ்கட் எடுக்க உள்ளே போனார். ஜெகதீஸ்வரி குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, தனியப் போற நாளில அவர் முழு மருந்து இடிப்பார். முயல் அந்த இடத்திலேயே செத்துப்போகும். நீங்கள் கூடப் போற நாளில மட்டும்தான் பாதி."

"அது ஏன்?"

"நானும் கேட்டனான். 'உயிரோட விழுந்தாத்தானே பலீல் பிஸ்மி சொல்லி அறுக்கலாம்? இல்லாட்டி நாங்கள் இறைச்சி தின்ன, அவன் வெறுஞ்சோறெல்லோ தின்னவேணும்' எண்டார்."