கோட்டுப் பை

கணவன் கலின் பாதியில் விட்டுப்போன கித்தார் ஆம்ப்ளிஃபயரை பில்யானா முடித்துக்கொண்டிருந்தாள். வால்வுகளெல்லாம் பழைய வானொலிப் பெட்டிகளிலிருந்து கழற்றியவை. நாளை கலின் இறந்து ஆறு மாதம். நினைவு நாளில் அவனுடைய நண்பன் ரூமென் இதில்தான் வாசிக்க வேண்டும். ப்ளோவ்திவ் நகரில் அன்று பகலிலும் குளிர் விடவில்லை. கொட்டகையில் அவள் கலினின் கோட்டைப் போட்டிருந்தாள்.

“அண்ணி, இடது கை பையிலயே இருக்கட்டும். ரெண்டு கையும் ஆம்ப்ளிஃபயருக்குள்ள போனா கரண்டு நெஞ்சு வழியாப் போயிடும்,” என்றான் ரூமென்.

“தெரியும்டா. ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்த மனுஷன்தான் ஒருநாள் மறந்துட்டு, போய்ச் சேர்ந்தாரு.”

பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரில் தங்கியிருந்த மின்சாரத்தை வடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருந்தாள். ஒரு கம்பி நழுவியது. பிடிக்க இடது கையை எடுக்கப் போனாள். கை வரவில்லை. பைக்குள் அவள் விரல்களோடு வேறு விரல்கள் கோத்திருந்தன.

அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்து ரூமென் உள்ளே மீட்டர் முனைகளை வைத்தான்.

“ஐயோ அண்ணி, இன்னொரு கண்டென்சரை மறந்துட்டீங்க! முந்நூறு வோல்ட் நிக்குது.”

அதையும் வடித்தான். மீட்டரின் முள் மெல்லச் சுழியத்துக்கு இறங்கியது.

“இனி பயமில்ல. கையை வெளிய எடுங்க.”

“விட்டாத்தானே,” என்றாள் பில்யானா.