இரண்டு மணியில் ஒரு கோப்பை

கோப்பையை இரண்டு மணியில் வைத்தாள்.

ரோல்ஸ் தட்டு பன்னிரண்டில். கை துடைக்கும் தாள் பத்தில்.

மேசை ஒரு கடிகாரம். அவள் கணவன் எப்போதும் ஆறு மணியில் உட்கார்ந்திருப்பான். பார்வை இழந்தவர்களுக்கான நிலையத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண் அப்படித்தான் பழக்கிவிட்டுப் போனாள். அங்கே, இங்கே, கிட்ட, எட்ட எதுவும் இனி அவருக்கு உதவாது. மணியைச் சொல்லு.

சீனி வருத்தம் அவன் கண்களை எடுத்து எட்டு மாதம். அதன்பிறகு இன்றைக்குத்தான் சிநேகிதர்கள் வருகிறார்கள். காலையிலிருந்து அவன் வெறும் கோப்பையோடு பழகிக்கொண்டிருந்தான். இரண்டு மணிக்குக் கை நீட்டுவது. பிடிப்பது. உதட்டுக்குக் கொண்டுபோவது. திரும்ப அதே இடத்தில் வைப்பது.

தடவக்கூடாது. அவர்கள் முன்னால் தடவக்கூடாது.

"மாத்தி வச்சிடாதையுமப்பா," என்றான்.

"இல்லை."

அப்போது அது பொய்யில்லை.

ரட்ணசிங்கமும் குகதாசனும் வாசலில் சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு வந்தார்கள். உரத்துப் பேசினார்கள். அவன் முகத்தைப் பார்க்காமலிருக்க ரோல்ஸைப் பார்த்தார்கள்.

அவன் கை நீட்டினான். கோப்பை கைக்கு வந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"டேய், உனக்குக் கண் தெரியுது," என்றான் ரட்ணசிங்கம். "வேலைக்குப் போகப் பஞ்சியிலை நடிக்கிறாய்."

அவன் சிரித்தான். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அவளுக்கும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அதை அவளே எதிர்பார்க்கவில்லை.

பிறகு அவன் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலை அவளுக்குத் தெரியும்.

"இவவின்ர கதை தெரியும்தானே?"

தெரியும். இருபத்திரண்டு வருடமாக எல்லோருக்கும் தெரியும். கலியாண வீடுகளில் தெரியும். பிறந்தநாள் மண்டபங்களில் தெரியும்.

"கனடா வந்து பத்தொன்பது நாள். பிழையான பஸ்ஸிலை ஏறி எங்கையோ போய் இறங்கிட்டா. காசு போட்டுப் போன் எடுக்கிறா. எங்கை நிக்கிறீர் எண்டு கேக்கிறன். 'இஞ்சை நிக்கிறன்' எண்டுறா!"

"எந்த இஞ்சை?" குகதாசன் எடுத்துக்கொடுத்தான். எப்போதும் அவன்தான் எடுத்துக்கொடுப்பது.

சிரித்தார்கள்.

அன்றைக்குக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த செருப்பு, அதற்குள் காலுறை. இஞ்சை என்று மட்டுமா சொன்னாள்? எதிரே ஒரு சேர்ச், பச்சைக் கதவு என்றும் சொன்னாள். அதற்குள் காசு முடிந்துவிட்டது.

ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றாள்.

இடதுகால் சின்னவிரல் இன்றும் மரத்தே இருக்கிறது.

"நீர் சொன்னது ஒண்டும் விளங்கேல்லை. ஊரெல்லாம் தேடினன்." கடைசியில் காரில் வந்திறங்கியதும் அவன் சொன்னது அது. நம்பினாள். நூலகத்தில் நடந்த ஆங்கில வகுப்புக்கு மூன்று குளிர்காலம் போனாள். எதற்குப் பக்கத்தில், எதற்கு எதிரே, சந்தியிலிருந்து எத்தனையாவது தெரு. இந்த ஊரில் தூரத்தையும் நிமிடத்தில்தான் சொல்வார்கள் என்று படித்தாள். கேட்பவனுக்குக் கிட்ட இருப்பதைச் சொல்ல அவளிடம் இருந்த 'உங்கை' அந்த மொழியில் இல்லை என்று கண்டாள். அங்கே எல்லாவற்றுக்கும் இரண்டே இடம். ஒன்று தன்னுடையது. மற்றதெல்லாம் தூரம்.

அதன்பிறகு அவள் தொலைந்ததே இல்லை. ஆனால் வீட்டைவிட்டு இறங்குமுன் போகும் இடத்தை வாய்க்குள் மூன்றுதரம் சொல்லிக்கொள்வாள். குற்றம் செய்தவள் மன்னிப்புக் கேட்பதுபோல.

கதை வழக்கமாக அங்கே முடிந்துவிடும். இன்று அவன் நிறுத்தவில்லை. சிரிப்பு அவனுக்கு அவ்வளவு பசியாக இருந்திருக்க வேண்டும்.

"உண்மையைச் சொன்னா, பச்சைக் கதவுச் சேர்ச் எண்டவுடனையே எனக்கு இடம் விளங்கீட்டுது. காரிலை பத்து நிமிசம். ஆனா கையிலை நல்ல சீட்டடா. அதை விட்டிட்டு ஆர் எழும்புவான்?"

"ஓமோம். அண்டைக்கு மூண்டு ஆட்டமும் எங்களை வெண்டிட்டுத்தானே எழும்பினனி," என்றான் ரட்ணசிங்கம்.

இவர்களுக்கும் தெரியும்.

பத்து நிமிடம்.

அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பத்தொன்பது நாளில், ஒரு கதவின் நிறத்தை வைத்து, சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

சிநேகிதர்கள் இருவரும் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கோப்பையை எடுத்தாள். பன்னிரண்டுக்கும் அப்பால், மேசையின் மறு ஓரத்தில், தனக்கு முன்னால் வைத்தாள். தடித்த விரிப்பு. சத்தம் வரவில்லை.

சிரித்த தொண்டை காய்ந்திருந்தது. அவன் கை இரண்டு மணிக்குப் போனது. சரியாகப் போனது.

வெறும் விரிப்பு.

ஒன்றுக்குப் போனது. மூன்றுக்குப் போனது. பிறகு தடவத் தொடங்கியது.

முதலில் ரட்ணசிங்கத்தின் சிரிப்பு நின்றது. குகதாசன் கோப்பையை நோக்கிக் கை நீட்டினான். அவள் அவனைப் பார்த்தாள். அந்தக் கை திரும்பிப்போய் மடியில் இருந்துகொண்டது.

"தேத்தண்ணி எங்கையப்பா?"

"இஞ்சை," என்றாள்.

அன்றும் அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"எந்த..."

அவன் வாய் அந்தச் சொல்லோடு நின்றது. கை மேசைமேல் விரிந்தபடி கிடந்தது.

அவள் கதிரையை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து.

ஐந்து ஐம்பதுக்கு இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது.