ஓர்வில் வராத வருஷம்

வெர்னா புதுத் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தாள். பின்கட்டை நீளம். விசைக்கு விரல் எட்டவில்லை.

டெல்பர்ட் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். “ரெண்டு விரக்கடை அறுத்துடறேன். இது நெட்டையனுங்களுக்குச் செஞ்ச கட்டை.”

“அறுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.”

“விரலே எட்டலையேம்மா.”

“காசு குடுக்கறது நான்தானே?”

பென்சில் மறுபடியும் காதுக்கே போனது. முப்பாட்டன் காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கி வேண்டுமென்றால், அந்தக் கென்டக்கி மலைப்பக்கத்தில் டெல்பர்ட் கடைதான். இத்தாலியிலிருந்து நகல் வரும், அவர் அதை ராவித் தேய்த்து ஆளுக்கேற்றபடி ஆக்கிக் கொடுப்பார். ஆனால் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெர்னாவிடம் பேசி ஜெயித்தவர் அங்கே யாரும் கிடையாது.

“சரி, குறி பாக்கற முள்ளையாவது என் இஷ்டத்துக்கு வைக்க விடு.”

“அதுவும் நான் சொல்றபடிதான். குழல் மேல வேண்டாம். இடப்பக்கமா ஒரு இரும்புக் கை நீட்டி அதுல வைங்க. முன் குறி, பின் குறி ரெண்டுமே.”

டெல்பர்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ இடது கண்ணை மூடிட்டுத்தானே சுடுவ? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

“விதியில தடை இருக்கா?”

“கண்ணாடி போடாத இரும்புக் குறின்னா எது வேணா செல்லும். ஆனா ஏன் இந்த வீம்பு?”

வீம்பு எதனால் என்று அவருக்கும் தெரியும். போன வருஷம், மாட்டிறைச்சியைப் பரிசாக வைக்கும் சுடும் போட்டியில் வெர்னாதான் முதல். காளையின் பின்னந்தொடை அவள் வீட்டுக்குப் போனது. போட்டி நடக்கும் கொட்டகையின் உத்தரத்தில் அவள் பெயரைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பொறித்தார்கள். அங்கே ஏறிய முதல் பெண் பெயர் அது.

மறுநாள் பார்த்தால், அதன் கீழே எவனோ சாக்குக்கட்டியால் எழுதியிருந்தான்: ‘ஓர்வில் வராத வருஷம்.’

அழித்தாள். திரும்ப எழுதினார்கள். பொய்யாக இருந்தால் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பாள். ஆனால் வருஷா வருஷம் ஜெயித்த ஓர்வில் அந்த வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது உண்மை. அந்த உண்மைதான் அவளைத் தூங்கவிடாமல் அரித்தது.

“இனிமே எவனும் அந்தச் சாக்குக்கட்டியைத் தொடக்கூடாது” என்றாள்.

“இந்தத் துப்பாக்கியோட போனா உனக்கு மாட்டு வாலுகூடக் கிடைக்காது” என்று முணுமுணுத்துக்கொண்டே டெல்பர்ட் அரத்தை எடுத்தார்.

போட்டியன்று அவள் துணியுறையைப் பிரித்ததும் கொட்டகையே சிரித்தது.

“வெர்னா, பஸ்ஸு கண்ணாடியைக் கழட்டிட்டு வந்து மாட்டிட்டியா?”

“குண்டுக்குப் பின்னால எந்த வண்டி வருதுன்னு பாத்துக்கலாம்டா.”

வெர்னா நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள். சாக்குக்கட்டி எழுத்து அன்று காலையில்தான் எழுதியதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

சிரிக்காதவர் ஓர்வில் ஒருவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. மரியாதைக்காக அவரை மதிப்பெண் எழுதும் மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். உட்கார்ந்தாலும் பக்கத்தில் நின்றவன் தோள் உயரம் இருந்தார். தொப்பியை வலப்பக்கம் தாழ இழுத்துவிட்டுக்கொண்டு கோப்பையில் காபி ஊற்றினார். பாதி மேஜையில் கொட்டியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சட்டைக் கையால் துடைத்தார்.

“அடுத்து வெர்னா” என்று குரல் கேட்டது.

வெர்னா சுடும் கோட்டுக்குப் போகவில்லை. நேராக மேஜைக்கு வந்து, புதுத் துப்பாக்கியை ஓர்விலின் முன்னால் வைத்தாள்.

“என்ன இது?”

“உங்களுது. எந்திரிங்க.”

ஓர்விலின் முகம் சிவந்தது. “கிண்டல் பண்றியா? எனக்கு வலது கண்ணு போனது ஊருக்கே தெரியும். இடது தோளுக்கு மாத்திப் பாத்தாச்சு. ஆயுசு பூரா வலது தோள்ல வெச்ச உடம்பு, வணங்க மாட்டேங்குது.”

“தோளை யாரு மாத்தச் சொன்னா? வலது தோள்லயே வைங்க. குறி இடது கண்ணுக்கு நேரா வந்து நிக்கும்.”

கொட்டகையில் சிரிப்பு நின்றுபோனது. கூட்டத்தின் பின்னால் நின்ற டெல்பர்ட், காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஓர்வில் மெல்ல எழுந்தார். துப்பாக்கியைத் தூக்கி வலது தோளில் பதித்தார். கட்டை அவருக்கு அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. தூரத்துப் பலகையை வெகுநேரம் பார்த்தார். இறக்கிவிட்டு, தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“எனக்காகவா வெர்னா இவ்வளவும் செஞ்ச?”

அவள் தன் பழைய துப்பாக்கியை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டாள்.

“உங்களுக்காக இல்ல. இந்த வருஷம் நீங்க இருக்கும்போதே ஜெயிக்கணும்.”