புதுசா, பழசா?

மலைப் பாதைக்கென்று பிறந்த சைக்கிள் ஒன்று, மெக்கானிக் கடையிலிருந்து தார்ச்சாலை சைக்கிளாக வெளியே வந்தது. முண்டும் முடிச்சுமான தடித்த டயர்கள் போய், வழுவழுப்பான ஒல்லி டயர்கள் வந்திருந்தன. தான் யாரென்றே புரியாமல் அது நின்றது.

சொந்தக்காரர் தணிகைவேல், புது வண்டிக்குச் செய்வதுபோலக் கற்பூரம் காட்டினார். ஏற்றி நசுக்கித் திருஷ்டி கழிக்க, முன்சக்கரத்தின் கீழே ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

"அண்ணே, நீங்க புதுசா, பழசா?" என்று பழம் நடுங்கியபடி கேட்டது. "பழசுன்னா என்னை நசுக்க வேண்டாமே!"

"அதுதான் தம்பி குழப்பமா இருக்கு. மூணு வருஷம் முன்னால உன் பெரியப்பன் ஒருத்தரை நசுக்கின ஞாபகம் இருக்கு."

"அப்ப பழசுதான்!"

"ஆனா டயர் புதுசாச்சே?"

தணிகைவேல் மிதித்தார். ஒல்லி டயருக்கு அகப்படாமல் பழம் பக்கவாட்டில் நழுவி ஓடியது. அவர் இறங்கிப் போய் அதை எடுத்துவந்து, இந்த முறை நடுவில் சரியாக வைத்தார்.

"அண்ணே, உங்க பழைய மணியை ஒரு தடவை அடிங்க! நீங்க பழசுன்னு அவருக்கு ஞாபகம் வந்துடும்!" என்று பழம் கெஞ்சியது.

"இரு தம்பி. முதல்ல நான் யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றது சைக்கிள்.

தணிகைவேல் பெடலில் காலை வைத்தார்.