பதினேழாம் நம்பர்

இன்றைக்கு ஐசக்கை விடுவதாக இல்லை ஜகதீசன். சும்மா வரவில்லை, சாட்சிக்குக் காலனிக்காரர்கள் மூன்று பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு சனத்நகரில் இருந்த ஐசக்கின் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்திருந்தார்.

"சிலிண்டர் ஹெட்டைக் கழட்டுங்க ஐசக். நான் பார்க்கணும்."

ஐசக் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

"நல்லா ஓடுற வண்டியை எதுக்கு சார் பிரிக்கணும்? நக்கோ சார், வேணாம்."

"ஏன், பயமா இருக்கா?"

ஐசக் எஞ்சின் ஆறட்டும் என்று சொல்லிவிட்டு ஸ்பேனர்களை எடுத்து வைத்தார்.

ஜகதீசனின் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கார் ஐம்பத்தாறாம் வருஷத்து மாடல். எஞ்சினுக்கு மேல்மூடியான பழைய ஹெட் விரிசல் விட்டுப்போய், புதியதற்கு எழுதிப் போட்டு, அது பம்பாயிலிருந்து வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. எழுபத்து நாலில் அந்தச் சாமான் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஐசக்தான் அதைப் பூட்டினார். ஒரே வாரம். சைனிக்புரியில் மைத்துனர் வீட்டு விசேஷத்துக்குப் போகிற வழியில் ரேடியேட்டர் கொதித்து, பட்டுப்புடவை கட்டிய மனைவியோடு நடுரோட்டில் நின்றார் மனிதர்.

ஐசக் வந்து வண்டியை இழுத்துப் போனார். இரண்டு நாளில் சரிசெய்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார். கூலி வாங்கவில்லை. தப்பு என்னோடது சார் என்று மட்டும் சொன்னார். என்ன தப்பு என்று கேட்டதற்கு எதையோ சொல்லி மழுப்பினார்.

அங்கேதான் ஜகதீசனுக்குச் சுருக்கென்றது. மத்திய அரசு தொழிற்சாலையில் இருபது வருஷமாக இன்ஸ்பெக்டர் அவர். தலைமுடி அளவு மேடு இருந்தாலும் பீஸைத் திருப்பி அனுப்பிவிடுவார். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளமே. புது ஹெட் ஒரு வாரத்தில் ஒழுகுமா? உலகத்தில் எந்த மெக்கானிக் கூலி வேண்டாம் என்பான்? அந்த இரண்டு நாளில் புதியதை யாருக்கோ தள்ளிவிட்டு, ஒட்டுப்போட்ட பழையதை மாட்டியிருக்கிறான்.

"கூலி வேண்டாம்னானா? அப்ப சந்தேகமே இல்லை" என்று பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமூர்த்தி தூபம் போட்டார்.

ஆனால் ஜகதீசன் ஏமாறுகிற ஆளா? புது ஹெட்டைப் பூட்டுவதற்குச் சற்று முன்பு, ஐசக் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு காரியம் செய்திருந்தார். பெஞ்சின்மேல் இருந்த ஹெட்டைப் புரட்டி, அடிப்பக்கத்தில் தொழிற்சாலையில் நம்பர் குத்துகிற தன்னுடைய இன்ஸ்பெக்ஷன் பன்ச்சை வைத்து சுத்தியலால் ஒரே போடு. முக்கோணத்துக்குள் பதினேழு. அது அவருடைய நம்பர்.

அந்த நம்பர் இல்லையென்றால் காலனி வண்டி ஒன்றுகூட இனிமேல் இந்த ஷெட்டுக்கு வரக் கூடாது என்று வரும் வழியிலேயே பேசி முடித்திருந்தார்கள். ஒன்பது காரும் இருபது ஸ்கூட்டரும். ஐசக்கின் அடுப்பு எரிந்ததே அவற்றால்தான்.

ஐசக் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஹெட்டைத் தூக்கினார். பெட்ரோல் துணியால் துடைத்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி பெஞ்சில் வைத்தார்.

ஜகதீசன் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். பதினேழும் இல்லை, முக்கோணமும் இல்லை. வழவழவென்று இருந்தது.

"பாத்தீங்களா கிருஷ்ணமூர்த்தி?" அதுவரை வாங்க போங்க என்று பேசியவர் ஒருமைக்கு இறங்கினார். "என் கையால குத்தின நம்பர் எங்கேடா? கூலி வேணாம்னு நல்லவன் வேஷமா? ஞாயித்துக்கிழமையானா கோயிலுக்கு வேற போற."

ஐசக்கின் முகம் கறுத்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், ஒரு நிமிஷம் தனியா வாங்க."

"தனியா என்ன பேச்சு? திருடலைன்னா எல்லார் முன்னாலயும் சொல்லு."

ஐசக் மற்ற மூவரையும் பார்த்தார். பிறகு உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த ஒரு பழைய கேஸ்கெட்டை எடுத்து வந்தார். ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கிற செம்புத் தகடு. அதில், தண்ணீர் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில், முக்கோணத்துக்குள் பதினேழு இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது. ஓட்டையிலிருந்து அந்த நம்பர் வழியாகத் தண்ணீர் ஒழுகிய தடம் துருக்கோடாக ஓடியது.

"முதல்ல பிரிச்சப்ப இருந்த கேஸ்கெட் சார் இது. பன்ச் அடிச்ச இடம் மேடா எழும்பிடுச்சு. தகடு படிஞ்சு உட்காரல, அதான் ஒழுகிச்சு. நீங்க சொல்ற நம்பரை நான்தான் கிரைண்டிங்ல இழைச்சு எடுத்தேன். ஹெட்டு அதே ஹெட்டுதான்."

கிருஷ்ணமூர்த்தி தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜகதீசனைப் பார்த்தார்.

ஜகதீசனின் பேச்சு மறுபடியும் பன்மைக்கு ஏறியது. "அப்ப... தப்பு உங்களோடதுன்னு ஏன் சொன்னீங்க?"

"டீக்குப் போறதுக்கு முன்னாடி ஹெட்டோட அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து வெச்சேன் சார். வந்து மறுபடியும் தடவிப் பார்த்திருக்கணும். நீங்க பக்கத்துலயே இருந்தீங்கன்னு நம்பிப் பூட்டிட்டேன். அது என் தப்புதானே?"

ஐசக் தகட்டைத் திரும்ப வாங்கி ஆணியில் மாட்டினார்.

"இத்தனை வருஷம் இன்ஸ்பெக்டரா இருக்கிறவர் இப்படிப் பண்ணிட்டார்னு வெளியில தெரிஞ்சா உங்களுக்குத்தான் சார் அசிங்கம். அதைச் சொல்லத்தான் தனியா வாங்கன்னேன்."