வெள்ளிக்கிழமை வந்தவர்கள்

“ஆரும் என்னைத் தேடி வந்தவையோ?”

மாதத்துக்கு ஒருக்கால் சாமான் வாங்க நயினாதீவு இறங்குதுறைக்கு வரும் தியாகலிங்கம், தேத்தண்ணிக்கடையில் ஏழு வருடமாய்க் கேட்கும் கேள்வி இது.

“ஓம் அண்ணை. கொழும்புப் பேப்பர்காரர் ரெண்டு பேர். அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லையெண்டு அனுப்பிப்போட்டன்,” என்றாள் கடைக்காரி கமலாதேவி.

“எப்ப?”

“போன மாசம், பங்குனி பதினெட்டாந் திகதி. வெள்ளிக்கிழமை.”

“நல்ல வேலை செய்தீர்.”

ஐந்து வயதில், எந்த வருடத்துத் திகதியைச் சொன்னாலும் அதன் கிழமையைக் கண்மூடித் திறப்பதற்குள் சொன்ன அதிசயப் பிள்ளை அவர். ஊர் ஊராய் மேடையேற்றினார்கள். பதினாறு வயதில் ஒருநாள், கைதட்டல் ஓயுமுன்னே இறங்கியவர்தான். பிறகு ஏறவேயில்லை. கல்யாணமும் இல்லை, கடிதம் போட ஆளும் இல்லை.

எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு கனடாவுக்குப் போன மகனிடம் கமலாதேவி நாளைக்குப் புறப்படுகிறாள். கடை இன்றோடு பூட்டு. அவளுக்கு மனம் கேட்கவில்லை.

“அண்ணை, நான் பொய் சொன்னனான். இந்த ஏழு வருசமும் உங்களைத் தேடி ஒருத்தரும் வரேல்லை. நீங்கள் மனம் நொந்துபோவியள் எண்டுதான்...”

“தெரியும் தங்கச்சி. பங்குனி பதினெட்டு செவ்வாய்க்கிழமை. நீர் முதன்முதல் வெள்ளியெண்டு சொன்ன திகதியும் வெள்ளியில்லை.”

“பிறகேன் ஒவ்வொரு முறையும் கேட்டனீங்கள்?”

அவர் வெறும் கோப்பையை அவளிடம் நீட்டினார்.

“சின்னனிலையிருந்து மற்றவை கேக்க, மறுமொழி சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆரோடையும் கதை தொடங்க எனக்குத் தெரிஞ்ச கேள்வி இது ஒண்டுதான்.”