பதினான்காம் இருக்கை

தித்திகாகா ஏரியின் திக்கினா துறையில் பேருந்து மரத் தெப்பத்தில் தனியாகக் கடக்கும். பயணிகள் இறங்கிப் படகில் வர வேண்டும். இறக்கிவிடுவது நடத்துனரான என் வேலை.

போன ஜூன் குளிர்காலத்தில் பதினான்காம் இருக்கையில் இருந்த உருளைக்கிழங்கு வியாபாரி பசிலியா இறங்கவில்லை.

"முட்டி வலி உயிர் போகுது தம்பி. இந்தக் குளிர்ல என்னை அலைய விடாத."

சரியென்று விட்டுவிட்டேன். நடுவழியில் காற்றடித்துத் தெப்பம் சாய்ந்தது. ஓட்டுநர் எவுலோகியோ நீந்திக் கரையேறினார். பசிலியா வரவில்லை.

இப்போது வேறு பேருந்து. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அக்கரையில் பதினான்காம் இருக்கை நனைந்திருக்கும். கூரையில் ஓட்டை இல்லை. எவுலோகியோ துணியால் துடைத்துவிட்டு வண்டியை எடுப்பார்.

இன்று காலை எல்லாரும் இறங்கிய பிறகு அந்த வெற்று இருக்கைக்கு முன்னால் போய் நின்றேன்.

"இறங்குங்கம்மா. என் தோளைப் பிடிச்சுக்கங்க, மெதுவாப் போலாம்."

"அங்க யாரைக் கொஞ்சிக்கிட்டு இருக்க?" என்று கீழேயிருந்து படகுக்காரர் கத்தினார். "காத்து கிளம்புறதுக்குள்ள வந்து சேரு!"

என்னையும் சேர்த்து இருபத்தேழு பேர் படகில் ஏறினோம். படகுக்காரர் ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்தார்.

"என்னைச் சேர்க்காம இருபத்தெட்டு பேர். சரியா இருக்கு" என்று கயிற்றை அவிழ்த்தார்.

அக்கரையில் பேருந்துக்குள் ஏறியதும் பதினான்காம் இருக்கையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

அன்றைக்கே தோளைக் கொடுத்திருக்கலாம். இப்போது என் இடது தோளில், சட்டைக்கு மேல், ஓர் உள்ளங்கை அளவுக்கு ஈரம்.